பிளவில்லாத திருகாணி

என் தங்கை ஜானுவின் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில், எங்கள் வீட்டு வாசலிலேயே மாப்பிள்ளை முக்கால் மணி நேரம் காருக்குள் அடைபட்டுக் கிடந்தார். காரணம் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் நாலு பேர் இந்தக் கதையை நாலு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அத்தனை பேரும் புளுகர்கள்.

வருஷம் 1929, வைகாசி மாதம். ஜானுவுக்கு அது மூன்றாவது வரன். முதல் வரன், காப்பி ஆறிப்போயிருந்தது என்று எழுந்து போயிற்று. இரண்டாவது வரன், கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பாவின் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போடவில்லை என்பதற்காகப் போயிற்று. இரண்டு தடவையும் ஜானு அழவில்லை. தோளைக் குலுக்கிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். மூன்றாவது வரன் வந்துவிட்டுப் போன அன்றைக்குத்தான் என்னைக் கொல்லைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணா, இவர் போனா நான் அழுவேன்" என்றாள்.

அப்படி என்ன கண்டாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. மாப்பிள்ளையின் பெயர் கபாலி. கிண்டியில் என்ஜினியரிங் படித்துவிட்டு ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் ஜானு பாடினாள். ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அமுங்கினால் அமுங்கியபடியே நின்று கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் எல்லாரும் "பேஷ்" சொன்னார்கள். மாப்பிள்ளையோ, பாயில் தவழ்ந்து போய் ஆர்மோனியத்தைக் கவிழ்த்தார். சொஜ்ஜித் தட்டிலிருந்த கரண்டியின் காம்பை அடியிலிருந்த ஒரு திருகாணியின் பிளவில் வைத்துத் திருகினார். கரண்டி இரண்டு தடவை வழுக்கி அவர் விரலைப் பதம் பார்த்தது. மூன்றாவது தடவை திருகாணி இறுகியது. கட்டை வாயை மூடிக்கொண்டது.

பிறகு ஜானுவின் காதைப் பார்த்தார். முகத்தை அல்ல, காதை.

"அந்தத் தோட்டுத் திருகாணியை இடது வலது மாத்திப் போட்டா ஏறாதே?"

"ஏறாது" என்றாள் ஜானு.

"ஏறவே ஏறாது. தட்டான் ஒவ்வொண்ணையும் தனித்தனியா கையால ராவியிருப்பான். ஒரு காலத்துல உலகத்துல இருந்த அத்தனை திருகாணியும் அப்படித்தான். ஒண்ணோட மரை இன்னொண்ணுக்குச் சேராது. மிஷின் வந்து வெட்ட ஆரம்பிச்சப்புறம்தான் எல்லாம் ஒரே மாதிரி ஆச்சு. உங்க காதுல இருக்கறது ரெண்டும் பழைய சமாசாரம்."

அவர்கள் போனதும் என் அப்பா சந்திரமௌலி தலையில் கை வைத்துக்கொண்டார். "பொண்ணோட மூஞ்சியையே பாக்கலையேடா!" என்றார். கிணற்றடியில் ஜானுவும் அதைத்தான் சொன்னாள். "அவர் என்னைப் பாக்கவே இல்லை, அண்ணா. ஆனா எங்கிட்ட பேசினார் பாத்தியா? தட்டு, சீர், நெறம் எதுவும் இல்லாம, நேரா எங்கிட்ட பேசினார்." அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாக்காட்டாலும் பரவாயில்லை" என்றாள். அந்தப் பரவாயில்லை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என்ன செய்ய? இந்த வரன் நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

நிலைக்கவிடாமல் செய்வதற்கென்றே மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா இருந்தார். தகப்பனில்லாத கபாலியை வளர்த்தவர். மாம்பலத்தில் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த தியாகராய நகரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர். அந்த வீட்டு வாசற்படியை மூன்று தடவை இடித்துக் கட்டினாராம், மூன்று தடவையும் மேஸ்திரியிடம் சண்டை. கல்யாண வீட்டில் குறை இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மாப்பிள்ளை ஊர்வலமான ஜானவாசத்துக்குக் கார் கொண்டுவந்தவர் ராயப்பேட்டை ஷரஃபுதீன். அடையாற்றில் யாரோ ஒரு துரை கப்பலேறும்போது விட்டுப்போன மூடியில்லாத வண்டி. கனடா தேசத்தில் செய்தது. மூன்று மாதத்துக்கு முன்பு வாங்கி, ஷரஃபுதீனே தன் கையால் மெரூன் வர்ணம் அடித்திருந்தார். மெஷின் சமாசாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஊர் அபிப்பிராயம். அவருடைய அபிப்பிராயமும் அதுவேதான். ஒரு தோல் பையில் ஆணி திருகும் திருப்புளிகள் பன்னிரண்டை வைத்திருந்தார். விரல் நகத்தளவு அலகு உள்ளதிலிருந்து முழங்கை நீளம் வரை. "திரும்பாத ஆணின்னு ஒண்ணு மெட்ராஸ்ல கெடியாது சாமி" என்று அப்பாவிடம் மத்தியானமே சொல்லி வைத்தார்.

எனக்கு இந்தக் கல்யாணத்தில் இருந்தது ஒரே ஒரு வேலை. ஊர்வலம் வாசலில் வந்து நின்றதும், பெண்ணின் சகோதரனாகிய நான் கார்க் கதவைத் திறந்து, மாப்பிள்ளையைக் கைபிடித்து இறக்க வேண்டும். அதை ஜோராகச் செய்ய வேண்டும் என்று, வண்டிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்த மத்தியான நேரத்தில், கதவைத் திறந்து மூடிப் பழகினேன். இடது கையால் ஒரு தரம், வலது கையால் ஒரு தரம், லேசாகக் குனிந்து ஒரு தரம். நாற்பது தடவை இருக்கும். நாற்பத்தோராவது தடவை கதவின் உள்பக்கத்திலிருந்து ஏதோ உருண்டு என் கால் கட்டைவிரல் பக்கத்தில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் மரை ஓடிய திருகாணிதான். ஆனால் தலையில் பிளவு இல்லை. வர்ணம் பெயர்ந்துபோன நடுவில் ஒரு சின்னச் சதுரக் குழி மட்டும் இருந்தது. பிளவில்லாவிட்டால் திருப்புளியை எங்கே வைப்பது? சரிதான், இது பட்டறையில் கழித்துப் போட்ட அரைகுறைச் சரக்கு, வண்டிக்குள் எங்கோ கிடந்திருக்கிறது என்று தீர்மானித்து, வேஷ்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். கதவு பழையபடி மூடியது. பழையபடி திறந்தது. எனக்கு ஒரு மன உறுத்தலும் இல்லை.

மாலை ஆறு மணிக்குப் பிள்ளையார் கோயிலில் மாப்பிள்ளையை ஏற்றினார்கள். கதவைச் சாத்தியபோது உள்ளே ஏதோ சரிந்த மாதிரி 'களுக்' என்று கேட்டது. நாதஸ்வரச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. காஸ் லைட்டுகள் முன்னால் போக, கார் பெரிய சிவன் கோயிலைப் பிரதட்சணமாகச் சுற்றிக் கிழக்கு, தெற்கு, மேற்கு மாட வீதிகள் வழியாக வடக்கு மாட வீதிக்கு வந்து எங்கள் வாசலில் நின்றது. ஜனம் நெருக்கியது. நான் பட்டு வேஷ்டியைச் சரிசெய்துகொண்டு, லேசாகக் குனிந்து, பிடியைத் திருப்பினேன்.

திறக்கவில்லை.

இழுத்தேன். தள்ளினேன். சிரித்துக்கொண்டே இழுத்தேன். ஷரஃபுதீன் இறங்கி வந்து இழுத்தார். பிடி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"அந்தப் பக்கத்துக் கதவால இறங்கலாமே" என்றார் அப்பா.

பெரியப்பா இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். "அந்தப் பக்கம் தெக்கு. கல்யாண மாப்பிள்ளை தெக்குப் பக்கமா காலை வெக்கறதா?"

"வண்டியைத் திருப்பி நிறுத்திட்டா அந்தக் கதவு வடக்கு ஆயிடும்" என்றேன் நான்.

"திருப்பினா அப்பிரதட்சணம்!"

"அப்போ கதவு மேலயே தாண்டி..."

"தாண்டியா? மாப்பிள்ளை என்ன திருடனா, எகிறிக் குதிக்க? பெண்ணோட பொறந்தவன் கதவைத் திறக்கணும். பிள்ளை வலது காலை எடுத்து வைக்கணும். ஏழரையோட நல்ல நேரம் முடியறது. அதுக்குள்ள நடக்கலைன்னா வந்த வழியே மாம்பலம் போறோம். கதவைத் திறக்கத் துப்பில்லாத ஆத்துல சம்பந்தம் எதுக்கு?" என்று சொல்லி, மடியிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மணி ஆறு ஐம்பது.

ஷரஃபுதீன் தோல் பையை விரித்தார். கதவின் உள்பக்கத்தில் பூட்டை மூடிக்கொண்டு ஒரு இரும்புத் தகடு இருந்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து தாழ்ப்பாளின் நாக்கை அழுத்திக்கொண்டிருந்தது. தகட்டை எடுத்தால் கதவு திறந்துவிடும். மூன்று மூலையில் மூன்று தலைகள் தெரிந்தன, மேலே கனமான மெரூன் பூச்சோடு. நாலாவது மூலையில் வெறும் ஓட்டை.

ஒரு திருப்புளி வைத்தார். வழுக்கியது. இன்னொன்று வைத்தார். அது வழுக்கிப் போய் மாப்பிள்ளையின் சம்பங்கி மாலையில் குத்தியது. பன்னிரண்டும் ஆயிற்று.

"இன்னா சாமி இது, பிளவையே காணோம்" என்றார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "ரிவிட் அட்ச்சு வச்சிக்கீறான் அந்தத் தொர. வெட்டித்தான் எடுக்கணும். பட்டறைக்குப் போய் உளி எட்த்துக்கினு வர்றதுக்குள்ள எட்டு மணி ஆயிடும்."

கூட்டத்தில் 'ஐயோ' என்று ஒரு சத்தம் எழுந்தது. காருக்குள் இருந்தவர் மட்டும் ஏக உற்சாகத்தில் இருந்தார். ஐந்து மாலைகளோடு குனிந்து, தகட்டுக்கு நேரே மூக்கை வைத்துக்கொண்டு, "ரிவிட்டா இருந்தா இவ்வளவு சின்னத் தலையா வராதே, பாய்" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி ஊருக்கே பிரசங்கம் ஆரம்பித்துவிட்டார். "திருகாணிங்கறது என்ன? ஒரு சாய்வுப் பாதையை எடுத்துக் குச்சியைச் சுத்தி ஒட்டினா திருகாணி. திருப்பதி மலைக்கு நேரா ஏறாம வளைஞ்சு வளைஞ்சு போறோமோன்னோ, அதே சங்கதி. அந்தப் பாதையில யாருமே தப்புப் பண்ணலை. தப்பெல்லாம் தலையிலதான். ரம்பத்தால ஒரு இழுப்பு இழுத்தா பிளவு வந்துடறது, செய்யறவனுக்குச் சுளுவு. ஆனா ரெண்டு பக்கமும் திறந்து கெடக்கறதாலே திருப்புளி வழுக்கறது. அவஸ்தை நமக்கு!"

"கபாலி! மாப்பிள்ளையா லட்சணமா உக்காரு!" என்று பெரியப்பா கத்தினார்.

நாதஸ்வரக்காரர் பாவம், நிறுத்தவும் முடியாமல் கல்யாணியிலிருந்து தோடிக்குப் போய்விட்டார். மணி ஏழு ஐந்து. நான் மாடி ஜன்னலைப் பார்த்தேன். ஜானவாசத்தைப் பெண் வந்து பார்க்கக் கூடாது. ஆனாலும் கம்பிக்குப் பின்னால் ஜானு நின்றாள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

என் இடுப்பில் திருகாணி நெருப்பாகச் சுட்டது. அந்த நாலாவது மூலை ஓட்டையைப் பார்த்த கணத்திலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது சுத்தக் கோழைத்தனம். சொன்னால், பெண் வீட்டான் கதவை உடைத்தான் என்ற பழியோடு கல்யாணம் நின்றுபோகும். சொல்லாவிட்டாலும் இன்னும் இருபத்தைந்து நிமிஷத்தில் நின்றுபோகும். எப்படியும் அழப்போகிறவளுக்கு நான் கோழையாக வேறு இருக்க வேண்டுமா?

"நான்தான் உடைச்சேன்" என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது. தோடி நின்றது. "மத்தியானம் திறந்து மூடிப் பழகினேன். இது கழண்டு விழுந்தது. யாரிண்டயும் சொல்லலை." மடியிலிருந்து எடுத்து நீட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் ஒளி வந்துவிட்டது. "கேட்டேளா! பெண் ஆத்துப் பிள்ளையே உடைச்சிருக்கான்! வேணும்னே..." என்று அவர் ஆரம்பித்ததற்கும், காருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு என் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டதற்கும் சரியாக இருந்தது.

"சதுரம்!" என்று கூவினார் மாப்பிள்ளை. ஆசனத்தின் மேல் எழுந்தே நின்றுவிட்டார். "பாய், அந்த லைட்டைக் கொண்டாங்கோ! சதுரம்! ஒரு பத்திரிகையில படிச்சிருக்கேன். பிளவுத் தலையில திருப்புளி வழுக்கிக் கையைக் கிழிச்சுண்ட ஒரு கனடாக்காரர், ஆத்திரத்துல சதுரக் குழி போட்டாராம். நாலு பக்கமும் சுவர், வழுக்கவே முடியாது! நான் கண்ணால பாப்பேன்னு நெனைக்கவே இல்லை!" என்று சொல்லி என் தோளைப் பிடித்து உலுக்கினார். உடைத்ததற்காக என்னை ஒருவர் பாராட்டியது அதுவே முதலும் கடைசியும்.

"அப்போ இந்த மூணுலயும்..." என்று ஷரஃபுதீன் இழுத்தார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடச்சே, நாந்தான் பெயின்ட் அட்ச்சு குழியெல்லாம் தூத்துட்டேன்!"

"சுரண்டறதுக்குக் கூரா ஏதாவது வேணுமே" என்றார் மாப்பிள்ளை. அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து ஒரு கொண்டை ஊசி 'டிங்' என்று காரின் மூக்கில் வந்து விழுந்தது. யாரும் மேலே பார்க்கவில்லை, பார்க்காதது போல் பாவனை செய்தோம். ஊசியால் மூன்று குழிகளையும் ஷரஃபுதீன் சுரண்டினார். மூன்றிலும் சதுரம் பளிச்சென்று தெரிந்தது.

தெரிந்து என்ன? சதுரக் குழிக்குள் போகச் சதுர முனை வேண்டுமே. பத்து நிமிஷம் மாட வீதியே தேடியது. எங்கள் கூடத்துக் கடிகாரத்தின் சாவி வந்தது. அதில் சதுரம் குழியாக இருந்தது, முனையாக இல்லை. சமையற்காரர் தேங்காய் துருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. புரோகிதர் ஹோமத்துச் சமித்துக் குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தார். அது உள்ளேயே முறிந்தது. முறிந்ததைக் கொண்டை ஊசியால் நெம்பி எடுக்க இரண்டு நிமிஷம். மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"ஏழு இருபது!" என்றார் பெரியப்பா. "போதும் இந்தக் கூத்து. பன்னெண்டு திருப்புளியாம்! ஒண்ணாவது உதவித்தா?" ஷரஃபுதீனின் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கி, ஓங்கித் தரையில் அடித்தார்.

கருங்கல் படியில் பட்டு மரப்பிடி தனியாகத் தெறித்தது. இரும்பு தனியாக உருண்டு என் காலடியில் நின்றது. குனிந்து எடுத்தேன். ஒரு முனையில் எல்லாருக்கும் தெரிந்த தட்டையான அலகு. இன்னொரு முனை, இத்தனை வருஷமும் பிடிக்குள் மறைந்து கிடந்த வால், கொல்லன் தட்டியபடி நாலு பட்டையாகக் கூம்பிப் போயிருந்தது.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த திருகாணியின் குழியில் அந்த வாலைச் செருகினேன். சிக்கென்று பிடித்தது. தலைகீழாகப் பிடித்தேன், திருகாணி விழவில்லை, வாலிலேயே தொங்கியது.

"விழலை!" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"விழலை!" என்று வீதியே கத்தியது. விழாததில் என்ன விசேஷம் என்று அவர்களில் பத்துப் பேருக்குக் கூடத் தெரிந்திருக்காது.

"வாலுல கீது சூட்சுமம்! நான் முப்பது வர்ஷமா தலையவே புட்ச்சுக்கினு திரியறேன்!" என்று ஷரஃபுதீன் தோல் பையிலிருந்து பற்றுக்குறடு ஒன்றை எடுத்தார். வாலைக் குழியில் நுழைத்து, தட்டை அலகைக் குறட்டால் கவ்வித் திருகினார். முதல் திருகாணி கிரீச்சிட்டுக் கழன்றது. நாதஸ்வரக்காரர் தாமாகவே மல்லாரிக்குத் தாவினார். இரண்டாவது கழன்றது. ஏழு இருபத்தாறு. மூன்றாவது பாதி வந்தபோது ஒரு கை குறுக்கே நீண்டது.

"பாய், இதை நான் கழட்டறேனே. ஒரே ஒரு சுத்து" என்றார் மாப்பிள்ளை.

ஷரஃபுதீன் என்ன செய்வார்? கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை மெதுவாகத் திருகினார். ரசித்துத் திருகினார். கழற்றிய திருகாணியைத் திரும்ப உள்ளே ஏற்றி, "பாருங்கோ, துளிக்கூட வழுக்கலை" என்று எங்களுக்குக் காட்டினார். மறுபடி கழற்றினார். மறுபடி ஏற்றப் போனார். "ஏழு இருபத்தெட்டு" என்றார் பெரியப்பா, பாயசம் பரிமாறுகிற குரலில். அப்பா கையைப் பிசைந்தார். மாப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, யார் சொல்வது?

"முதல்ல எறங்குங்கோ!"

மாடி ஜன்னலிலிருந்து வந்த குரல். வடக்கு மாட வீதி முழுக்கக் கேட்டது, கோபுரத்துப் புறாக்களுக்குக் கூட. கல்யாணப் பெண் ஜானவாசத்தைப் பார்க்கவே கூடாது என்கிற ஊரில், என் தங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம் முழுசாகத் தெரிய நின்றாள். "அதை நாளைக்குத் திருகிக்கலாம்! எறங்குங்கோ!"

பெரியப்பா வாயைத் திறந்தார். அவருக்கு இதைவிடப் பெரிய குறை இனி ஜன்மத்தில் கிடைக்கப்போவதில்லை.

மாப்பிள்ளையின் கை அப்படியே நின்றது. "இதோ வந்துட்டேன்" என்றார்.

தகடு கீழே விழுந்தது. நான் தாழ்ப்பாள் நாக்கை நெம்பிக் கதவைத் திறந்தேன். பழகியபடி குனியவெல்லாம் மறந்துபோயிற்று. அவர் வலது காலை எடுத்து வைத்தார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபத்தொன்பது. திறந்த வாயை என்ன செய்வதென்று தெரியாமல், "நான் ஓங்கி அடிச்சதாலதானே திறந்தது!" என்றார். இன்றைக்கும் அவர் சொல்லும் கதை அதுதான்.

கைபிடித்து இறக்க நான் கையை நீட்டினேன். மாப்பிள்ளை என் உள்ளங்கையில் அந்தச் சதுரக் குழித் திருகாணியை வைத்து மூடினார். அதை அவர் பார்க்கக் கூட இல்லை. மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.